புரட்டாசிக் கோழி

“…கோழிய மட்டும் நான் தொடவே மாட்டேன், புரட்டாசி சனிக்கிழமலா!”

ரெம்பியாவிலிருந்து பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் போகும் பேக்டரி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அக்கா சொன்னது சமையலைப் பற்றி அல்ல. உள்ளங்கையளவு விளையாட்டுப் பெட்டி ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தார். அதன் திரையில் கேக், பழம், கோழித்தொடை என்று மேலிருந்து விழும். ஒரே பண்டம் மூன்று சேர்ந்ததும் அமுக்கினால் மறைந்துவிடும். விரதம் வயிற்றுக்குத்தான் என்றிருந்தேன், விரலுக்கும் உண்டாம்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “அக்கா, ஒரே கோழியா குவிஞ்சு கிடக்கு. உச்சியத் தொட்டா கேம் முடிஞ்சிரும்.”

“தெரியும்டி. இன்னும் ஒரு தடவ அமுக்குனா என் நாத்தனா பாயிண்ட தாண்டிருவேன். ‘அண்ணிக்கு இதெல்லாம் வராது’ன்னு எங்க தாமான்ல வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரியிறா. சாயங்காலம் பெட்டியத் திருப்பிக் கேட்பா.”

“அப்ப அமுக்குங்க.”

“விரதம்டி! நீ அமுக்கு. நீதான் காலையிலயே நெத்திலி சம்பல் தின்னுட்டு வந்திருக்கியே.”

“நான் அமுக்குனா பாயிண்டு என்னுதுலா. உங்க நாத்தனாகிட்ட நானே சொல்லிடுறேன்.”

அக்கா பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உச்சிக்கு இன்னும் ஒரு வரிதான் பாக்கி.

“பெருமாளே, நான் திங்கல, சும்மா ஒதுக்கி வைக்கிறேன்” என்று முணுமுணுத்து, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் கோழியை அமுக்கினார்.