ஒற்றைப் பயணியின் பேருந்து

அவையை ஆளும் தலைவர் அவர்களே! தலை நரைத்தும் நம்பிக்கை நரைக்காத பெரியோர்களே! வெயிலில் நின்று தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசை இளைஞர்களே! வணக்கம்.

காற்று கொதிக்கிறது, கடல் ஏறுகிறது, காலமே மாறுகிறது. நாம் மாறினோமா?

என் அக்காளின் கணவர் மிக்ஸி பழுதுபார்ப்பவர். சென்ற கோடையில் தெருத் தார் உருகிச் செருப்பில் ஒட்டியபோது, இதே மேடையில் கேட்டார்: "ஆளுக்கொரு வண்டியில பொகைய விட்டுட்டு வெயிலைத் திட்டினா எப்படி? ஒரு கரன்ட் பஸ் கேப்போம்!"

கைதட்டினோம். அவர் படியேறிப் படியேறி, கெஞ்சிக் கெஞ்சி, வாங்கியே விட்டார்!

வந்தது மின்சாரப் பேருந்து. படம் எடுத்துக்கொண்டோம். ஏறினோமா? மருத்துவருக்கு அவசரம். ஆசிரியைக்குக் கூட்டம் ஆகாது. ஆளே இல்லாத பேருந்தில் கூட்டமாம்! சிரிக்காதீர்கள் அம்மா, எனக்கோ புது பைக் மோகம்.

அத்தான் மட்டும் ஏறினார். கடையைப் பூட்டிய பிறகும் ஏறினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தார்.

"எங்கதான் போறீங்க?" அக்கா கேட்டாள்.

"எங்கயும் போகல. காலியா ஓடுனா நிறுத்திடுவாங்கல்ல? அதான் உக்காந்திருக்கேன்."

தெரு அவருக்கு 'பஸ் ஓனர்' என்று பட்டம் சூட்டியது. சன்னலோரம் அவரைக் கண்டு, கையசைத்துவிட்டு முந்திப் போனவன் நான்.

ஒருநாள் பேருந்து நின்றுபோனது. போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடினார்.

"உங்க தெருவுல ஏறுறது நீங்க ஒருத்தர்தான் சார். ஒருத்தருக்காக எப்படி ஓட்டுறது?"

திரும்பி நடந்தார். பதில் நம்மிடம் இருந்தது. வண்டியோடு வண்டியாக அதையும் வீட்டு வாசலில் பூட்டி நிறுத்தியிருந்தோம்!

இந்தக் கோடை இன்னும் கொடியது. அதே பேருந்தை மறுபடி கேட்கக் கூடியிருக்கிறோம். அவரை அழைத்தேன். "கைதட்ட ஆள் நெறைய இருக்காங்க மச்சான். ஏறத்தான் ஆள் இல்ல. நான் வரல" என்றார்.

வேண்டாம் தம்பி, இதற்குமா கைதட்டுவது?

அரசு மாற வேண்டும், ஆம்! ஆலைகள் மாற வேண்டும், ஆம்! ஆனால், கேட்டுப் பெற்றதைக் கைவிட்டவர்களின் குரலுக்கு எவர் செவி கொடுப்பார்? மனுவில் கையெழுத்திடும் கைகளால் பேருந்தின் கம்பியைப் பிடிக்கவும் பழகுவோம்!

மீண்டும் அது வந்தால், நெரிசலில் நசுங்கி, அவரருகே போய், "அத்தான், கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, எடம் பத்தல" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஏங்குகிறேன்.

இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணங்கி அமர்கிறேன்.