நாற்பது சதவீத வேகம்

— இதுக்கு மேல ஒண்ணும் இல்லம்மா, முடிஞ்சுபோச்சு. நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு. எப்படி இருக்கு, சொல்லு.

— அம்மா எங்கப்பா?

— இருக்காளே. ரெண்டாவது நிமிஷத்துல வருவா, படிக்கட்டுல. நீ பாக்கலையா?

— முதுகு வந்துச்சு. எட்டு செகண்டு. மீதி எல்லாம் மலை, மேகம், ரயில் ஜன்னல், ஆட்டுக்கூட்டம். மூணு நாள் அம்மாவோட சுத்திட்டு வந்து எனக்கு ஆட்டக் காட்டுறீங்க.

— மூஞ்சியக் காட்டினா கல்யாண வீடியோ மாதிரி ஆயிடும்பார் மாஸ்டர். ஆள் சின்னதா இருக்கணும், எடம் பெருசா இருக்கணும். அப்பத்தான் சினிமா லுக்கு. அதான் விஷயம்.

— மாஸ்டரா? அது யாரு?

— நெட்ல சொல்லிக்குடுக்குறாரே, தொப்பி போட்ட பையன். உன் வயசுகூட இருக்காது, இருந்தாலும் எனக்கு மாஸ்டர்தான். எல்லாத்தையும் ஓசி சாஃப்ட்வேர்லயே செஞ்சு காட்டுறார். மத்த ஓசி சாஃப்ட்வேர்னா மூலையில அவன் பேர ஒட்டி விட்டுடுவான். இதுல அந்தத் தொல்லை கிடையாது. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வச்சிருக்கேன் பாத்தியா? அத வச்சதும்தான் படம் மாதிரி ஆச்சு.

— அம்மாவோட ஸ்வெட்டர் மெரூன். இதுல காப்பிப்பொடி கலர்ல இருக்கு.

— வானம் நீலமா எடுப்பா தெரியணும்னா மத்த கலர் கொஞ்சம் அடிபடும். அத எல்லாம் பாத்தா முடியுமா.

— நல்லாத்தான் இருக்குப்பா. நான் இல்லைங்கல.

— போஸ்ட் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் ஊர் ஊரா கடுதாசி பிரிச்சுப் போட்டேன். அந்த ஊர்ல ஒண்ணக்கூட கண்ணால பாத்ததில்ல. ரிடையர் ஆனதும் போலாம், ஆனதும் போலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிச் சொல்லியே காலம் போச்சு. அதான் டிக்கெட் எடுக்குறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே இதக் கத்துக்க உக்காந்துட்டேன். மொட்டைமாடில போய் எடுத்துப் பழகுவேன். ஒரு நாள் சூரியன் அவ்வளவு அழகா எழும்பி வருது, சரியா அப்பப் பாத்து தண்ணி கேன் போடுறவன் போன் பண்ணிட்டான். ரெக்கார்டிங் நின்னுபோச்சு. மூணு நாள் எனக்கு சோறு எறங்கல. உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா.

— அந்தச் சிரிப்பு எங்கப்பா இதுல?

— எந்தச் சிரிப்பு?

— சிரிப்பு, பேச்சு, இருமல், ஏதோ ஒண்ணு. அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. எட்டு மாசமா வீடியோ ரெடி ஆகுது, ரெடி ஆகுதுன்னீங்க. கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். நாலு நிமிஷமும் பியானோ வாசிக்குது.

— அது ஓசி மியூசிக்குமா. காபிரைட் பிரச்சனை வராது.

— அப்பா.

— காத்து சத்தம்மா. மலைன்னா காத்துதான. மைக்குல உஸ்ஸு உஸ்ஸுன்னு அடிக்கும். மொத வேலையா ஒரிஜினல் சத்தத்த எடுத்துடணும்னு மாஸ்டரே சொல்றார். அது கிடக்கட்டும், மாப்பிள்ளை எப்படி இருக்கார்?

— இருக்கார்.

— இந்தப் புழுக்கத்துல எதுக்கு முழுக்கை?

— தள்ளி உக்காருங்க. நான் கொஞ்சம் பாக்குறேன்.

— ஒண்ணு கெடக்க ஒண்ண அமுக்கிடாத. கம்ப்யூட்டர் பழசு. உள்ள ஃபேன் இரைய ஆரம்பிச்சா அப்படியே நின்னுபோயிடும்.

— ஆஸ்பத்திரில நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான் எழுதுறேன். தள்ளுங்கப்பா.

— சரி, நான் டீ போட்டுட்டு வரட்டுமா?

— வேணாம், இங்கயே இருங்க. மேல இருக்குற இந்த வரிசை படம். கீழ பச்சையா ஓடுறது?

— மியூசிக்கு.

— நடுவுல சாம்பல் கலர்ல ஒண்ணு இருக்கே. பக்கத்துல ஸ்பீக்கர் படம், அது மேல சிவப்புக் கோடு.

— அது வேஸ்ட்டு. ஒண்ணுமில்ல அதுல.

— ஒரிஜினல் சத்தத்த எடுத்துட்டேன்னீங்க. எங்க எடுத்தீங்க? வாயப் பொத்தி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். சிவப்புக் கோட்டத் தட்டினா திரும்ப வந்துடும்.

— பாப்பா, வேணாம்.

— ஏன்?

— படம் கெட்டுப்போயிடும். எட்டு மாசம் கண்ணு எரிய உக்காந்து செஞ்சது.

— படம் எக்கேடு கெட்டா எனக்கென்ன. அம்மாகிட்ட நான் கடைசியா என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்.

— கோவத்துல சொன்னது. அத யாரும் மனசுல வச்சுக்கல.

— நான் வச்சிருக்கேனே. அவர் அடிக்கிறார், நான் வீட்டுக்கு வந்துடறேன்னு சொன்னதுக்கு, பொறுத்துப் போன்னு அம்மா சொன்னா. அப்படின்னா இனிமே உன் குரலே எனக்குக் கேக்க வேணாம்னு சொல்லிட்டு போன வச்சேன். அஞ்சு வாரம் பேசல. அப்புறம் எனக்கே தாங்கல. நீங்க ரெண்டு பேரும் மலைல இருக்கீங்கன்னு தெரிஞ்சும் கூப்பிட்டேன். மூணு நாள்ல பதினொரு தடவை. உங்க போன நீங்க வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டீங்க. அம்மா போன் ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் ஆஃப்.

— மலைல சிக்னல் கிடைக்காதும்மா. அன்னைக்கே சொன்னேனே.

— சொன்னீங்க. நான் நம்பல. என் மேல இருந்த கோவத்துல அம்மாவே அணைச்சு வச்சிருக்கான்னு நெனச்சேன். அந்தப் போன வாங்கிக் குடுத்ததே நான்தான், தெனம் என்கூட பேசட்டும்னு. அத அணைச்சு வச்சுட்டுப் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சுக்கிட்டுதான் எட்டு மாசமா சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன். வார்டுல யாராச்சும் வயசானவங்க அம்மாடின்னு கூப்பிட்டா ஊசி போட முடியலப்பா. இதுல ஒரு வார்த்தை கிடைக்குமான்னு பாக்கத்தான் வந்தேன். திட்டியிருந்தாலும் பரவால்ல, அவ குரல் எனக்கு வேணும்.

— திட்டலம்மா. உங்கம்மா திட்டல.

— அதக் கேக்கத்தான் போறேன். இந்தப் படிக்கட்டு சீன் மேல நாப்பதுன்னு போட்டிருக்கே, அது என்ன?

— வேகம். நூறுன்னா சாதாரணமா நாம நடக்குற வேகம். நாப்பதுன்னா மெதுவா மிதக்குற மாதிரி தெரியும்.

— ஆமா, ராணி மாதிரி ஏறுறா அம்மா.

— நாப்பதுல வச்சா யார் நடந்தாலும் அழகுதான்.

— வெட்டி விட்ட மிச்சத்தையும் இழுத்து விட்டு நூறு வைக்கிறேன்.

— பாப்பா, சொன்னா கேளு.

— வச்சாச்சு. அப்பா, என்ன இது? இடது கையப் பிடிச்சுக்கிட்டு ஏறுறா. ரெண்டு படிக்கு ஒரு தடவை நிக்கிறா. நான் நர்சுப்பா, இந்த நடையத் தெனம் பாக்குறேன். இது எத்தனை மணிக்கு எடுத்தது?

— மூணாம் நாள். அஞ்சே முக்கா இருக்கும்.

— அம்மா நெஞ்சுவலில போனது அன்னைக்கே ஏழு மணிக்கு.

— படி ஏறுற களைப்புன்னு நெனச்சேன்மா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

— சிவப்புக் கோட்டத் தட்டுறேன். கைய எடுங்கப்பா. எடுங்க.

— “என்னங்க, செத்த உக்காரலாமா? தோள்பட்டை இழுக்குது.”

— “இந்த ஒரு ஷாட்டு. அஞ்சு நிமிஷத்துல வெளிச்சம் போயிடும். திரும்பிப் பாக்காம ஏறு.”

— “பாப்பா கூப்பிட்டாளா இன்னைக்கு?”

— “இல்ல.”

— “நேத்து?”

— “கூப்பிட்டா உன்கிட்ட சொல்ல மாட்டேனா? ஏறு, ஏறு.”

— “அந்தப் போன இப்படிக் குடுங்க. நானே கூப்பிடுறேன். பொறுத்துப் போன்னு சொன்னது என் தப்பு. அவன் சங்காத்தமே வேணாம், வீட்டுக்கு வந்துடுன்னு சொல்லணும்.”

— “இங்க சிக்னல் இல்ல. மேல போய்ப் பேசிக்கலாம். நீ நட.”

— நிறுத்திடு பாப்பா. இதுக்கு மேல வெறும் காத்துதான்.

— வந்துடுன்னு சொல்றா.

— ஆமா.

— அம்மா என்னை வந்துடச் சொல்லியிருக்கா. எட்டு மாசமா இது உங்ககிட்ட இருக்கு. எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?

— எண்ணல. வெட்டி ஒட்டுறப்ப எல்லாம் கேட்டேன். அதுக்கப்புறம்தான் சத்தத்த மூடினேன்.

— அம்மாவோட கடைசி ஆசை பொறுத்துப் போறதுதான்னு நெனச்சு, காரியம் முடிஞ்சதும் நான் அவர்கிட்டயே திரும்பிப் போயிட்டேன். நீங்கதான் பஸ் ஏத்தி விட்டீங்க. முழுக்கை எதுக்குன்னு கேட்டீங்களே. பாருங்க. நல்லாப் பாருங்க. இது போன வாரம். இது அதுக்கு முந்தின மாசம்.

— ஐயோ. என்னைக் கொன்னு போடும்மா.

— எதுக்குப்பா மறைச்சீங்க? அம்மா வலிங்கறப்ப கவனிக்கலன்னு நான் கேட்டுடுவேன்னா? அதுக்காகவா என்னை அங்க விட்டு வச்சீங்க?

— அதுக்கு இல்ல.

— பின்ன எதுக்கு?

— வேற எதையும் கேக்காத. நீ இன்னைக்கு அங்க போக வேணாம். இங்கயே இரு. வேண்டியத நாளைக்கு நான் போய் எடுத்துட்டு வரேன்.

— இருங்க. அந்தப் போன இப்படிக் குடுங்கன்னு சொல்றாளே அம்மா. எந்தப் போன?

— என் கையில இருந்தது.

— உங்க போன்தான் இங்க வீட்டுல இருந்துச்சே.

— அதுல கேமரா மங்கல். அவ போன்லதான் எல்லாத்தையும் எடுத்தேன்.

— அப்படின்னா அது ஆஃப்லயே இல்ல. மூணு நாளும் ஓடிக்கிட்டிருந்திருக்கு.

— ஆமா.

— சிக்னல்?

— இருந்துச்சும்மா. மலை பூரா இருந்துச்சு. நடுவுல எவனாச்சும் கூப்பிட்டா ரெக்கார்டிங் நின்னுடுமேன்னு, ரயில் ஏறினப்பவே ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டேன். அப்புறம் எடுக்கவே இல்ல. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எடுத்துக்கலாம்னு நெனப்பேன். சாயங்காலம்தான் வெளிச்சம் நல்லா இருக்கும்.

— பதினொரு தடவைப்பா.

— தெரியும். ஆம்புலன்சுக்கு அடிக்கத்தான் அந்த மோட்லேந்து எடுத்தேன். எடுத்த உடனே நீ கூப்பிட்டது எல்லாம் மெசேஜா டிங் டிங்குன்னு வந்து விழுந்துச்சு. அவளுக்கு அப்ப நல்லா நெனப்பு இருந்துச்சு, என் மடியிலதான் படுத்திருந்தா. அந்தச் சத்தத்தக் கேட்டு, யாருங்க, பாப்பாவான்னு கேட்டா. மூணு நாளா இல்லைன்னு சொன்னவன் இப்ப எப்படி ஆமான்னு சொல்றதுன்னு, ஆம்புலன்ஸ்காரன்னு சொல்லிட்டேன்.