ஜன்னலில் நின்று நான் சொன்ன பதில்

என் பெயர், வயது, வீட்டு முகவரி மூன்றையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். குடும்ப ஆலோசனை சொல்வதும், விவாகரத்து கேட்டு வரும் தம்பதிகளுக்கு இடையே சமரசம் பேசுவதும் என் தொழில். எனக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கணவர் விவரம் என்ற இடத்தில் ‘தனியே வசிக்கிறார்’ என்று குறித்திருக்கிறேன். காவல் நிலைய ஆய்வாளர் அம்மா கேட்டுக்கொண்டபடி இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன்.

என் அலுவலகம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் உள்ளது. உள் அறையில் பேச்சு நடக்கும். வெளி அறையில் பிள்ளைகளுக்கு ஒரு பாயும் மரக்கட்டைகளும், தெருவைப் பார்த்த ஜன்னலும் உண்டு. உள் அறையில் பேசுவதை நான் எங்கும் வெளியிடக் கூடாது என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை. ஆகவே வெளி அறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதை மறைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சு முடிந்ததும் இருவரையும் நான் சேர்த்து அனுப்புவதில்லை. படிக்கட்டிலேயே மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தையை அழைத்துப் போகிறவர் முதலில் இறங்குவார், மற்றவர் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சென்ற சனிக்கிழமை இந்தப் புகாரில் உள்ள தம்பதி வந்தார்கள். கணவர் பஸ் மெக்கானிக், மனைவி பள்ளி ஆசிரியை, மகளுக்கு ஐந்து வயது. பேச்சு முடிந்து வெளி அறைக்கு வந்த பின், கணவர் குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டினார். அதைப் பார்த்த மனைவி, “மேல் பட்டனைக் கீழ் ஓட்டையில போட்டிருக்கீங்க. இந்த லட்சணத்துல ஒரு வாரம் வெச்சுப் பாத்துக்கப் போறாராம்” என்றார்.

“பஸ்ஸையே கழட்டி மாட்டுறவன் நான். ஒரு பட்டன் போட மாட்டேனா?”

“அது பஸ்ஸு. இது நெளியும்.”

குழந்தை சிரித்தது. அந்த அம்மா எல்லாப் பட்டனையும் கழற்றித் தானே மறுபடி போட்டார். அதன் பிறகு, “யானை பொம்மை இல்லாம தூங்க மாட்டா. பைக்குள்ளதான் இருக்கு, வீடு பூரா தேடாதீங்க” என்று சொல்லிப் பையைக் கணவரின் தோளில் மாட்டிவிட்டார். அதன் பிறகு தகப்பனும் மகளும் இறங்கிப் போனார்கள்.

அந்த அம்மா ஜன்னலுக்கு முதுகு காட்டி டீயுடன் உட்கார்ந்தார். நான் ஜன்னலில் நின்றேன். குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டியடித்தபடி பஸ் நிறுத்தம் வரை போனாள். பஸ் வந்தது, ஏறினார்கள்.

“திரும்பிப் பாத்தாளா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“பாத்தா” என்றேன்.

“எத்தனை தடவை?”

“ரெண்டு மூணு தடவை பாத்தா.”

அவர் டீயைக் குடிக்கவில்லை, கப்பை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் கொடுத்த புகாரை இன்று ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். கணவரின் போன் அணைந்து கிடந்தது, குழந்தை விருப்பமில்லாமல் பயந்துபோய்ச் சென்றிருக்கிறாள், தெரு நெடுக அம்மாவைத் தேடித் திரும்பிப் பார்த்தாள், அதற்கு ஆலோசகரே சாட்சி என்று அதில் இருந்தது. கணவர் காலையிலிருந்து நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். “நீங்க சொல்றதைப் பொறுத்துத்தான் வழக்கு” என்று ஆய்வாளர் சொன்னார். அதன் பிறகு, “ஏம்மா, நீங்க சேத்து வைக்கிற ஆளா, பிரிச்சு வைக்கிற ஆளா?” என்றும் கேட்டார்.

குழந்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். பயப்படவில்லை, இழுத்துப் போகப்படவில்லை, சந்தோஷமாகப் போனாள்.

“அப்போ பொய்ப் புகார்னு எழுதிக்கலாமா?”

“வேண்டாம் மேடம். அவங்க பொய் சொல்லல. நான் சொன்னதை நம்பினாங்க.”

பொய்ப் புகார் என்று பதிவானால் அந்த அம்மாவிடமிருந்து குழந்தையை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வழக்குப் பதிவேட்டின் எந்த இடத்திலும் சேர்க்கப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பிப் பார்த்தாள் என்று ஏன் சொன்னேன் என்று ஆய்வாளர் கேட்டார். என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பாவுடன் போகிறாள். நானே தலை வாரி அனுப்புகிறேன். பால்கனியிலிருந்து தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘பார்த்தாள்’ என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

நான் எழுதியதை நானே இருமுறை வாசித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. அந்த அம்மாவிடம் ஜன்னலில் நின்று சொன்னது மட்டும் பொய். அதை அவரிடம் நேரில் நானே சொல்ல அனுமதி வேண்டும்.

(கையொப்பம்)