சிரிப்புக்கு விட்ட இடைவெளி

பாண்டியில் கடலூர் பஸ் ஏறினேன். எங்கே இறங்குவது என்று முடிவு செய்யவில்லை. முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"நான் பீரோவுக்குள்ள உக்காந்துதான் வேலை செய்யறேன்" என்றாள் ஒருத்தி.

"லூசாடி நீ?"

"புடவைங்க நடுவுல பேசினா எதிரொலிக்காதுடி. விளம்பரத்துக்குக் குரல் குடுக்கறேன்ல."

"நீ மேடையில நிக்கறப்ப கூட்டத்துல எவனாவது ஒரு வார்த்தை சொன்னா, அதை வெச்சே அரைமணி நேரம் சிரிக்க வெப்பியே. உனக்கு இது ஜுஜுபி."

"அதாண்டி வம்பே. பெயிண்ட் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வரிக்கு வரி ஏன் நிறுத்தறீங்கன்னு கேக்கறாங்க. ஜனங்க சிரிச்சு முடிக்கட்டும்னு நிறுத்தியே பழகிட்டேன். இன்னிக்கு சாயந்திரம் சரியா அனுப்பலைன்னா வேற ஆளாம்."

"நான் வந்து எதிர்ல உக்காரட்டா? சிரிக்கவே மாட்டேன்."

"உன் மூச்சுச் சத்தம் ரெக்கார்டிங்ல விழும்டி."

தவளக்குப்பத்தில் தோழி இறங்கிப் போனாள். இவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, சுவரைப் பற்றியும் மழையைப் பற்றியும் இருந்த அந்த விளம்பர வரிகளை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முதல் முறை இரண்டு இடத்தில் நிறுத்தி, யாரோ சிரிக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தாள். அடுத்த முறை யாருக்காகவும் நிறுத்தவில்லை.