என் கண்ணாடியில் அழுக்கா?

அக்கா: மெதுவா! பஞ்சை அழுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நனைச்சு, அதோட கனத்துலயே இழுத்துட்டு வா. கீறல் விழுந்துச்சு... கொன்னுடுவேன்.

தங்கை: தொலைநோக்கிக் கண்ணாடியா இது, பச்சைப் புள்ளையா?

அக்கா: புள்ளைன்னா வலிச்சா அழும். இது அழாது. சரி, வந்த விஷயத்தைச் சொல்லு. நீ கண்ணாடி கழுவ வந்த மூஞ்சி இல்ல.

தங்கை: அது வந்து... நம்ம வானாய்வு நிலையத் தலைவர் கேட்டதுக்குச் சரின்னுட்டேன்க்கா.

அக்கா: என்ன கேட்டாரு?

தங்கை: கண்ணாடியில அழுக்கு இருந்துச்சு, அதான் என் கணக்கு தப்பாப் போச்சுன்னு... நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா...

அக்கா: அழுக்கா? என் கண்ணாடியிலயா?

தங்கை: கத்தாதேக்கா...

அக்கா: கத்துவேன்! ஒரு கொத்துல இருக்கிற நட்சத்திரமெல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க, எல்லாத்துக்குள்ளயும் ஒரே சரக்குதான்னு ஆயுசு பூரா எழுதிட்டாரு. நீ போய் ஒண்ணுல மட்டும் பேரியம்ங்கிற உலோகம் கூடக் கிடக்குன்னு கண்டுபிடிச்சுட்டே. அவருக்கு வயித்தெரிச்சல்! அதுக்கு என் கண்ணாடிதான் கிடைச்சுதா?

தங்கை: நீ சொல்லலேன்னா உன் வேலை போயிடும்...

அக்கா: ஏன்டி, கண்ணாடியில தூசின்னா கொத்து மொத்தமும்ல மங்கணும்? ஒண்ணே ஒண்ணுல மட்டும் தூசியா வந்து பேரியத்தைக் கொட்டிட்டுப் போச்சு?

தங்கை: எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா தலையாட்டிட்டு வந்தே? நாமளும் ஒரே வயித்துலதான் பொறந்தோம். உனக்கு மட்டும் முதுகெலும்பை வைக்க அம்மா மறந்துட்டாளா?

தங்கை: ஹ்ஹ... ஹஹ்ஹா!

அக்கா: என்னடி சிரிப்பு? எரியுது எனக்கு!

தங்கை: நான் சரின்னு சொல்லவே இல்லக்கா. பேரியம் கட்டுரையைக் காலையிலயே ஆய்விதழுக்கு அனுப்பிட்டேன். என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் இருக்கு. நீ பயந்தேன்னா உன் பேரை மட்டும் எடுத்துடலாம்னுதான்... ஆழம் பாத்தேன்.

அக்கா: அடிப்பாவி! என்கிட்டயேவா?

தங்கை: இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? அவர் உன்னைச் சும்மா விடமாட்டாருக்கா.

அக்கா: எங்க விட்டாரு? நேத்தே என்கிட்டயும் இதையேதான் கேட்டாரு, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் தெரியாத மாதிரி கேட்டேன். இன்னியோட சரி, நாளையிலிருந்து வராதேன்னுட்டாரு.

தங்கை: அக்கா! அப்ப... இதை எதுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு கழுவிட்டிருக்கே?

அக்கா: இன்னிக்கு ராத்திரி நீ அதே நட்சத்திரத்தைத் திரும்பப் பாக்கப் போறே. அழுக்குன்னு சொல்ல எவனுக்கும் வாய் வரக் கூடாது. பேசாம புதுப் பஞ்சை எடு.