கன்னி மூலையின் கனம்

— தரைக்கு அடியிலேர்ந்து ஒரு குழாய் கெளம்பறது, மிஸ்டர் நாயகம். நோட் பண்ணிக்கோங்கோ. இந்த ரூமைத் துளைச்சுண்டு, மாடியைத் துளைச்சுண்டு, மொட்டைமாடிக்கு மேல ஆள் உயரம் போறது. உச்சியில ஒரு விசிறி. எல்லாம் என் பிள்ளை சுப்பு அமெரிக்காவுலேர்ந்து படம் போட்டு அனுப்பியிருக்கான்.

— செய்து தாரேன் சாரே, ஒண்ணும் பயப்படாண்டாம். ஒரு காரியம் மட்டும் கேக்கட்டா? இந்தக் குழாயில என்ன போவும்? தண்ணியா, பொகையா?

— ரேடான்.

— அது மார்த்தாண்டத்துல கிட்டாது. சாலை பஜார்ல சொல்லி வச்சா வரவழைச்சுத் தருவாங்க.

— வரவழைக்கறதுக்கு இல்லையா, வெளியேத்தறதுக்கு! அது மண்ணுலேர்ந்து கெளம்பற ஒரு கதிரியக்க வாயு, மூச்சோட உள்ளே போனா கேன்சர். நிறம் கெடையாது. மணம் கெடையாது. சத்தம் கெடையாது.

— பின்னே இருக்குன்னு எப்பிடி சாரே தெரியும்?

— அப்படிக் கேளுங்கோ, அருமைநாயகம். கண்ணுக்குத் தெரியலை, மூக்குக்குத் தெரியலை, இந்த ஆத்து மனுஷருக்கு மட்டும் தெரிஞ்சுடுத்து.

— வாலா, காபியை வெச்சுட்டு நீ உள்ளே போ. இது டெக்னிகல் டிஸ்கஷன்.

— போறேன். என் பேத்தி படுத்துக்க வேண்டிய ரூம்ல எங்கே ஓட்டை போடறேள்னு பாத்துட்டுப் போறேன்.

— உனக்கும் சேத்தே சொல்றேன், கேட்டுக்கோ. வாயுவை அளக்க சுப்பு ரெண்டு டப்பா குடுத்தனுப்பினான், நினைவிருக்கா? ஒண்ணை ஹால்ல வெச்சேன், ஒண்ணை இங்கே வெச்சேன். ரெண்டையும் திருப்பி அனுப்பினோம். அங்கே லேப்ல பாத்துட்டா. ஹால்ல ரெண்டு. இந்த ரூம்ல பதினேழு! நாலைத் தாண்டினா அமெரிக்காவுல வீட்டை விக்கறதே கஷ்டமாம்.

— பெருமையைப் பாரு. குழந்தை பரீட்சையில வாங்கின மார்க் மாதிரி.

— பெருமை இல்லை வாலா, ஃபேக்ட்.

— ஃபேக்ட்தான். அந்த ஃபேக்டைக் கேட்டுட்டு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டான். இந்த ரூம் நாலுக்குக் கீழே வராம குழந்தையைக் கொண்டுவர மாட்டேன்னுட்டான். ஒண்ணரை வயசாறது, அருமைநாயகம். அவ கன்னத்தை நான் இன்னும் போட்டோவுலதான் தொட்டிருக்கேன்.

— வருத்தப்படாண்டாம் அம்மா. குழாய் வச்சா பிள்ள வந்துரும். சாரே, செலவு கொறைக்க ஒரு வழி சொல்லட்டா? செப்டிக் டேங்குக்கு ஏற்கெனவே ஒரு குழாய் மேல போவுதில்லியா. இந்த வாயுவையும் அதுல சேத்து விட்டா, ரெண்டும் ஒண்ணாப் போயிரும்.

— என்ன பேசறீர்? பென்சில்வேனியாவுல எஞ்சினியரா இருக்கறவன் போட்ட டிசைன். அதைக் கக்கூஸ் குழாயில சேக்கறதா!

— இல்ல சாரே, ரெண்டும் வாயுதானேன்னு…

— அது வேற, இது வேற! பாயிண்ட் நம்பர் டூ. விசிறி ரோட்டுப் பக்கம் தெரியணும். எதிர்வீட்டுக் கர்னல் மொட்டைமாடியில சோலார் வெந்நீர்த் தொட்டியை வெச்சுண்டு, என்னமோ ராக்கெட் விட்டவன் மாதிரி நடக்கறார். இந்தப் பூஜப்புரையில, ஏன், திருவனந்தபுரத்துலயே ரேடான் சிஸ்டம் வெச்ச முதல் வீடு இதுவாத்தான் இருக்கும்.

— அப்படியே வாசல்ல ஒரு போர்டும் மாட்டிடுங்கோ. விஷவாயு உள்ள வீடு, ஆனந்தகிருஷ்ணன், ஆடிட் ஆபீசர், ரிட்டயர்ட்.

— வாலா!

— எனக்கு என்ன தெரியும்? ஜன்னலைத் திறந்து வெச்சாப் போயிடாதோ அந்த வாயு, அது மட்டும் சொல்லுங்கோ.

— எந்த ஜன்னல் அம்மா? இந்த ரூமுல திறக்கிற ஜன்னலே இல்லியே. மூணும் அடைச்ச கண்ணாடி. சாரு சொல்லித்தான் வச்சேன்.

— நானா சொன்னேன்? ஊரெல்லாம் சிக்குன்குனியா, கொசு ஒண்ணு உள்ளே வரப்படாதுன்னு சுப்பு சொன்னான். அதுக்கு முன்னாடி வெஸ்டர்ன் கிளாசெட்னான், வெச்சோம். ஏசின்னான், மாட்டினோம்.

— கொசு வராம அடைச்சோம். இப்போ அடைச்சதால வாயு நிக்கறதுங்கறான். திறந்தா கொசும்பான். அவன் வராம இருக்கறதுக்கு இந்த வீடு எவ்வளவு ஒத்தாசை பண்றது பாருங்கோ.

— அபசகுனமாப் பேசாதே. குழாய் வெச்சா வருவான்.

— சாரே, இன்னொரு காரியம். இது கன்னி மூலையில்லியா? தெக்கும் மேக்கும் சேருற எடம். இங்க ஒரு ஆணி கூட அடிக்கப்பிடாதுன்னு வாஸ்து பாத்த பணிக்கர் சொன்னாரே. தரையைத் துளைச்சா தோஷம் இல்லியா?

— நான் குருட்டு நம்பிக்கைக்காரன் இல்லை, மிஸ்டர் நாயகம். நான் ஃபாலோ பண்றது சயின்டிஃபிக் வாஸ்து. மூலையிலேர்ந்து ஒரு அடி தள்ளித் துளைச்சா அது மூலையே இல்லை. பணிக்கர்கிட்ட ஃபோன்ல கேட்டு கன்ஃபர்ம் பண்ணிட்டேன்.

— கோட்டைக்குள்ள இருந்த எங்க பழைய ஆத்துல, அருமைநாயகம், கன்னி மூலையில கிணறு. பள்ளமாக் கெடந்ததாலதான் பிள்ளை கடல் தாண்டிட்டான்னார் பணிக்கர். அந்த ஆத்தையே வித்தார் இவர். புது வீட்டுல இந்த மூலை கனமா இருக்கணும், இருந்தாப் பிள்ளை தானாத் திரும்பி வருவான்னு எழுதிக் குடுக்காத குறை.

— கனம்தான் அம்மா, நல்ல கனம். அதுக்கு நான் கேரண்டி.

— அதை விடுங்கோ ரெண்டு பேரும். பாயிண்ட் நம்பர் த்ரீ. தரைக்கு அடியில என்ன போட்டிருக்குன்னு சுப்பு கேட்டிருக்கான். ஜல்லியா இருந்தா விசிறி நன்னா இழுக்குமாம்.

— ஜல்லி இல்ல சாரே. மணல்.

— மணலா, சரி. எழுதிக்கறேன்.

— ஏன்னா, ஒரு சந்தேகம். ஹால்ல ரெண்டுதான். பக்கத்து ரூம்ல பதினேழு. ஒரே பூமி, ஒரே வீடு. வாயுவுக்கு இந்த ரூம் மேல மட்டும் என்ன அப்படி ஆசை?

— இப்பத்தான் ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேட்டே. சில மண்ணுல யுரேனியம், தோரியம் எல்லாம் கலந்திருக்கும். அதுலேர்ந்துதான் இந்த வாயு பொறக்கறது. தோரியம்னா சாமானியமா? நம்ம கடற்கரைக் கரிமணல்ல இருக்கறாப்பல உலகத்துல வேற எங்கே இருக்கு? அணுசக்திக்காரா வேலி போட்டுக் காவல் காக்கறா. நாட்டோட சொத்து! அமெரிக்காக்காரன் வாயைப் பொளந்துண்டு பாக்கறான்.

— கரிமணலா சாரே?

— கரிமணல்தான்.

— கறுப்பா, மினுமினுன்னு கெடக்குமே, அதா?

— அதேதான். ஏன்?

— ஒண்ணுமில்ல சாரே. அந்த நாட்டோட சொத்து கொஞ்சம் இங்க கெடக்கு.

— எங்கே?

— சாரு நிக்குத எடத்துல.

— என்ன உளறறீர்?

— மறந்தாச்சா? ஆத்துமணல் லோடு வந்தப்ப, கையில வாரிப் பாத்து, இது மாவு மாதிரி இருக்கு, கன்னி மூலைக்கு இது போறாதுன்னு லாரியைத் திருப்பி விட்டீங்க. இருக்கதுலயே கனமான மணல் எதுவோ அது வேணும்னீங்க. எனக்க மச்சினன் கடப்புறத்துல லாரி ஓட்டுதான். கரிமணல் இரும்பு மாதிரி கனம் சாரேன்னேன். என் முதுகுல தட்டினீங்க. இந்த ஒரு ரூமுக்கு மட்டும் அதைக் கொண்டு நிரப்பினேன்.

— நான்… நான் கனம்னுதானே சொன்னேன்!

— என்னையும் கூப்பிட்டுக் காட்டினேள். ஒரு பிடி அள்ளி என் கையில வெச்சு, ‘பாரு வாலா, கனம்னா இதுதான் கனம்’னேள்.

— அப்போ தோண்டி எடுங்கோ! நாளைக்கே ஆளைக் கூட்டிண்டு வாங்கோ. டைல்ஸ் போனாப் போறது.

— தோண்டலாம் சாரே, பயப்படாண்டாம். ஆனா கன்னி மூலையைத் தோண்டிப் பள்ளமாக்கினா பிள்ள வராதுன்னு பணிக்கர்…

— தோண்டலைன்னா சுப்பு வரமாட்டான்.

— பணிக்கர் கணக்குலயும் வரமாட்டான், சுப்பு கணக்குலயும் வரமாட்டான். இப்பத்தான் சயின்ஸும் வாஸ்துவும் ஒண்ணாச் சேந்திருக்கு, சந்தோஷப்படுங்கோ.

— விசிறியைப் பெரிசா வெச்சா, மிஸ்டர் நாயகம்? ரெண்டு விசிறி வெச்சா?

— வைக்கிலாம் சாரே. நாலு கூட வைக்கிலாம். மணல் அங்கதானே கெடக்கும்.

— கர்னலுக்குத் தெரிய வேண்டாம்.

— நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் சாரே.

— சுப்புகிட்ட என்னன்னு சொல்றது? தாத்தா எங்கப்பாவைக் கூப்பிடறதுக்கு விஷத்தை லாரியில வரவழைச்சார்னு பேத்தி நாளைக்குச் சிரிப்பா. வாலா, ஏன் தரையில உக்காந்துட்டே?

— அன்னிக்கு என் கையில அள்ளி வெச்சேளே, அந்த ஒரு பிடி.

— அதுக்கென்ன?

— பணிக்கர்கிட்ட நான் தனியாக் கேட்டேன். பிள்ளை வருவான்னேளே, குழந்தை வருமான்னு. கன்னி மூலையில போடற மணல்லேர்ந்து ஒரு பிடி முடிஞ்சு, அது தூங்கற எடத்துல கட்டுங்கோ, மூலை இழுத்துண்டு வரும்னார். அந்தப் பிடியைத்தான் பட்டுல முடிஞ்சு அமெரிக்காவுக்கு அனுப்பினேன். குழந்தையோட கம்பிக் கட்டில்ல ஒரு மஞ்சப் பட்டு முடிச்சு தொங்கறதேன்னு போட்டோவைப் பாத்து நீங்க கேட்டேள், திருஷ்டிக்குன்னு சொல்லி வெச்சேன்.

— அதான் மாட்டுப்பொண் ஆஷா அன்னிக்கு ஃபோன்ல சொன்னாளே, அது இல்லைன்னா குழந்தை தூங்கவே மாட்டேங்கறதுன்னு…

— உங்களுக்கு அவ்வளவுதான் சொன்னா. எங்கிட்ட மீதியும் சொன்னா. சுப்புவுக்கு ஃபோன் போடுங்கோ, இப்பவே போடுங்கோ. அந்த முடிச்சை வாயில வெச்சுச் சப்பிண்டேதான் தினம் தூங்கறதாம் குழந்தை.