மெகர் முள்

நனைந்த மோட்டாரைக் காயவைக்க, மூடியைக் கழற்றி உள்ளே ஒரு பல்பை எரியவிட்டுச் சாக்கால் போர்த்தினால் போதும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எலக்ட்ரீஷியனாக எத்தனையோ மழைக்காலங்களை நான் அப்படித்தான் ஓட்டினேன்.

2003 மே மாதம் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது, ஐயா. வடிந்த பிறகு, ரப்பரைத் தண்ணீர்விட்டு அரைக்கும் மில்லின் மோட்டாரை மெகரால் பார்த்தேன். மெகர் கையால் சுற்றும் ஒரு பெட்டி. கரண்ட் சுருளுக்குள் நிற்கிறதா, மோட்டார் உடம்புக்குக் கசிகிறதா என்று அதன் முள் சொல்லிவிடும்: மேலே ஏறினால் நல்லது, பூஜ்யத்தில் நின்றால் கசிவு. முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. காயவைத்த பிறகும் அசையவில்லை.

தொட்டிகளில் ரப்பர் பால் கட்டியாகி நாறியது. தோட்ட மேனேஜர் பெரிய துரை வந்து, "நாளைக்கு மில்லு ஓடலன்னா ஃபேக்டரிய மூடிருவேன்" என்றார். லயத்தில் குடியிருந்த எல்லோருக்கும் அதுதான் சோறு.

ஓட்டிப் பார்த்தேன். கசிவை மண்ணுக்குள் விடும் எர்த் கம்பியில் கரண்ட் இறங்கி பியூஸ் எரிந்தது. எர்த் கம்பியைக் கழற்றினேன். பியூஸ் எரியவில்லை, மோட்டார் நன்றாகவே ஓடியது. மெகரும்தானே நனைந்தது, அது தப்பாகக் காட்டியிருக்கலாம் என்று நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

ஆனாலும் யாராவது முதலில் தொட வேண்டுமே. அந்த மில்லில் வழக்கமாக நிற்பவள் என் மகள் ஷாமிளா. அவளுக்குக் காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லி, அவளுக்குப் பதில் ஃபேக்டரியில் வேலை செய்த கன்னையாவைக் கேட்டு வாங்கினேன். நல்ல பையன். அழ ஆள் இல்லாதவன்.

ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து நின்றான். "அண்ணே, மெகர்ல பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

நான் சொன்னது பொய்யில்லை.

ரோலரில் கை வைத்தவன் சத்தமே போடவில்லை. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, எர்த் கம்பியைத் திரும்பப் பூட்டினேன். செத்தது மாரடைப்பில் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எந்த மோட்டாரில் மெகரைச் சுற்றினாலும், என் கண்ணுக்கு முள் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஏறிவிட்டது என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சுவிட்ச் போட வேறு யாரையாவது கூப்பிடுகிறேன்.

மற்றபடி நான் சொன்னது அத்தனையும் உண்மை, ஐயா. மெகர்தான் கெட்டுவிட்டது என்று நம்பித்தான் செய்தேன்.

ஷாமிளாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை.